என் எடை இரண்டேகால் விரல்

உலகத்தில் உள்ள மனிதர்கள் அவருக்கு இரண்டே வகை. ஸ்பிரிங்கை நன்றாக அமுக்குகிறவர்கள் ஒரு வகை, சரியாகச் சாப்பிடாததால் அமுக்க முடியாதவர்கள் இன்னொரு வகை. துரை, கூலி, சீனர், மலாய்க்காரர், தமிழர் என்ற பிரிவுகளையெல்லாம் மற்றவர்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். சிராங்கூன் சாலையில் அவருக்கு ‘உக்காருங்க அண்ணன்’ என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். அத்தனை காலம் பழகியும் நான் அதைக் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

ஃபேரர் பார்க் திடலுக்கு எதிர்ச் சந்தில் அவருடைய ஸ்பிரிங் பட்டறை இருந்தது. யார் உள்ளே காலடி வைத்தாலும் அவர் வாயிலிருந்து வரும் முதல் சொல் “உக்காருங்க.” என்ன ஒரு மரியாதை என்று புதிதாக வருகிறவர்கள் பூரித்துப் போவார்கள். மரியாதையாவது ஒன்றாவது. தளர்ந்துபோன பழைய லாரி ஸ்பிரிங் ஒன்றின் மேல் பலகை அடித்து பெஞ்சு செய்து வைத்திருந்தார். பக்கத்துத் தூணில் ஒரு சுண்ணாம்புக் கோடு. ஆள் உட்கார்ந்ததும் இவர் தரையில் குந்தி, கோட்டிலிருந்து பலகை எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று விரல்களை அடுக்கி அளப்பார். அளந்த பிறகு அந்த மனிதருக்குப் பெயர் கிடையாது. “காலையில மூணரை விரல் தவுக்கே வந்துட்டுப் போனாரு” என்று சீன முதலாளியைச் சொல்வார். “அந்த ஒண்ணே முக்கா விரல் வாத்தியாருக்கு ஒடம்பு சரியில்லையாமே” என்று கவலைப்படுவார்.

ஒரு முறை பெண்ணைப் பெற்றவர் ஒருவர், எதிர்க்கடையில் வேலை செய்த பையனைப் பற்றி விசாரிக்க இவரிடம் வந்தார். “பையன் எப்படிங்க?” என்று கேட்டிருக்கிறார். “ரெண்டரை விரல். ஆனா உக்காந்தா ஒரு பக்கமா சாயுறான்” என்றார் இவர். சம்பந்தம் அதோடு நின்றுபோனது. அன்றைக்குப் பையன் சட்டைப் பையில் பெரிய சாவிக்கொத்து இருந்திருக்கிறது, அவ்வளவுதான். அந்தப் பையன் பிறகு ஒரு வருஷம் பட்டறைப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

தொழிலில் மட்டும் அவரிடம் விளையாட்டு கிடையாது. லாரி ஸ்பிரிங் என்பது ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி நடுவில் இறுக்கிய இரும்புப் பட்டைகள். வலது பக்கமும் இடது பக்கமும் ஒரே பலத்தில் இருக்க வேண்டும் என்பது அவருக்கு வேதம். காய்கறி லாரி ஒன்றுக்கு வேலை முடித்து அனுப்பிய பிறகு, இடது பக்கம் ஒரு நூல் அளவு உயர்ந்து நிற்கிறதோ என்று சந்தேகம் வந்துவிட்டது. நூல் என்றால் தச்சர் கணக்கில் ஓர் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. சாப்பிட உட்கார்ந்தவர் கைகூடக் கழுவாமல் காலாங் வரைக்கும் லாரியின் பின்னாலேயே ஓடினார் என்று சொல்வார்கள். லாரிக்காரர், யாரோ கொல்ல வருகிறான் என்று நினைத்து வேகத்தைக் கூட்டினாராம். பிடித்து நிறுத்தி அளந்து பார்த்தால் இரண்டு பக்கமும் சரியாகத்தான் இருந்தது. “ஸ்பிரிங்ல பொய் இருக்கக் கூடாதுங்க” என்று சொல்லிவிட்டு நடந்தே திரும்பியிருக்கிறார்.

இனி என் கதைக்கு வருகிறேன். நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவன். சண்டைக்கு ஒரு வருஷம் முன்னால் கப்பல் ஏறி வந்து, வெள்ளைக்காரக் கம்பெனி ஒன்றில் கிராணியாக உட்கார்ந்தேன். கிராணி என்றால் இங்கே குமாஸ்தா. வேலையில் ஆங்கிலம், வீட்டில் என் மனைவி பாக்கியத்தோடு யாழ்ப்பாணத் தமிழ். தமிழ்நாட்டுத் தமிழோடு எனக்குப் பெரிய பழக்கம் இல்லை. தெருவில் இரண்டு பேர் வேகமாகப் பேசிக்கொண்டு போனால் பாதி புரியும், மீதியை மரியாதைக்காகப் புரிந்ததாக வைத்துக்கொள்வேன்.

ஜப்பான்காரர்கள் வந்து ஊருக்கு சியோனான் என்று பெயர் வைத்ததும், பிழைப்புக்காக அவர்கள் மொழி வகுப்பில் சேர்ந்தேன். அந்த மொழியில் காருக்கு ‘குருமா’ என்று பெயர். மூன்று வேளையும் மரவள்ளிக்கிழங்கை விழுங்கிக்கொண்டு, வகுப்பில் நாற்பது தடவை குருமா குருமா என்று உரக்கச் சொல்வது எவ்வளவு பெரிய கொடுமை என்பதை அனுபவித்தவர்கள்தான் அறிவார்கள். எப்படியோ தேறினேன். ராணுவம் எடுத்துக்கொண்ட ஒரு பட்டறைக்கு மொழிபெயர்ப்பாளனாக அனுப்பினார்கள். அதுதான் உக்காருங்க அண்ணனின் பட்டறை. பெஞ்சு, தூண், சுண்ணாம்புக் கோடு, அண்ணன் எல்லாவற்றையும் சேர்த்தே ராணுவம் எடுத்திருந்தது.

முதல் நாள் நான் உள்ளே போனதும் “உக்காருங்க” என்றார். எங்கள் ஊரில் ‘இருங்கோ’ என்போம். இங்கேயும் நல்ல மனிதர்கள் இருக்கிறார்கள் என்று நெகிழ்ந்துபோய் உட்கார்ந்தேன். அவர் என் காலடியில் குந்திய போது பதறி எழப் பார்த்தேன். தோளை அமுக்கி மறுபடி உட்காரவைத்து அளந்தார்.

“ரெண்டே கால் விரல். யாழ்ப்பாணத்தாருக்கு நல்ல எலும்பு” என்றார்.

அந்த நாட்களில் எல்லாரும் பயந்த சொல் ஒன்றே ஒன்றுதான். சயாம். அங்கே காட்டில் ரயில் பாதை போட ஆட்களைக் கொண்டுபோனார்கள். போனவர்களிடமிருந்து கடிதம் வராது. எங்கள் வரிசையில் மூன்றாவது வீட்டுத் தையற்காரர் போனார். அவருடைய தையல் மெஷினில் பாதி தைத்த சட்டை அப்படியே மாட்டியிருந்தது. அவர் மனைவி அதை எடுக்கவும் இல்லை, யாரையும் தொட விடவும் இல்லை. பட்டறையில் வேலை செய்த எங்களுக்குக் கையில் கட்ட ஒரு துணிப் பட்டி தந்திருந்தார்கள். அது இருக்கிற வரையில் தெருவில் பிடிக்க மாட்டார்கள். பாக்கியம் அப்போது ஏழு மாதக் கர்ப்பம். என் சட்டையைத் துவைக்கிறாளோ இல்லையோ, அந்தப் பட்டியைத் தினமும் துவைத்துக் காயவைப்பாள்.

நான் சேர்ந்த இரண்டாவது நாள், எங்கள் பட்டறைக்குப் பொறுப்பான ஜப்பானிய அதிகாரி வந்தார். மாஸ்டர் என்றுதான் அவரை அழைக்க வேண்டும். ஊரே எலும்பும் தோலுமாகத் திரிந்த காலத்தில் அவருடைய சட்டையின் நடுப் பொத்தான் மட்டும் பூட்ட மாட்டாமல் திறந்தே கிடந்தது. ஒரு சின்ன ராணுவக் காரில் வந்தார். நான்கு சக்கரமும் இழுக்கும், காடு சேறு எதிலும் போகும், அதற்கென்றே செய்தது. புக்கிட் தீமாவுக்கு அப்பால் ரப்பர் மரங்களை வெட்டிவிட்டு மரவள்ளி நட்டிருந்தார்கள். அந்தத் தோட்டங்களைச் சுற்றிப் பார்ப்பது மாஸ்டரின் வேலை. வெட்டிய மரங்களின் அடிக்கட்டைகள் எல்லாம் காரின் அடியில் இடித்து, அடித் தகடு அப்பளமாக நொறுங்கியிருந்தது.

உக்காருங்க அண்ணன் காருக்கு அடியில் போனார். கொஞ்ச நேரம் தட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு தலையை மட்டும் வெளியே நீட்டி என்னிடம் சொன்னார்:

“மாஸ்டர் வண்டி ரொம்ப எறங்கிப் போச்சு. அதான் போற எடத்துல எல்லாம் இடிக்குது. ரெண்டு விரல் தூக்கி வச்சுடலாம்னு சொல்லுங்க.”

யாழ்ப்பாணத்தில் வண்டி என்றால் தொந்தி. மாடு இழுப்பது வண்டில், பெட்ரோல் குடிப்பது கார். வண்டி என்பது ஆண்களுக்கு நாற்பது வயதுக்கு மேல் முன்பக்கம் வைப்பது. அந்தத் தொந்தி எனக்கு ஒரு முழம் முன்னால், பொத்தான் திறந்து, மூச்சுவிட்டுக்கொண்டு நின்றது. இவ்வளவு தைரியமாக ஒரு மனிதர் இப்படிச் சொல்கிறாரே என்று ஒரு கணம் திகைத்தேன். ஆனால் உள்ளதை உள்ளபடி மொழிபெயர்க்க வேண்டும் என்பது எங்கள் வகுப்பில் முதல் பாடம். குனிந்து வணங்கி, சுத்தமான ஜப்பானிய மொழியில் சொன்னேன்:

“மாஸ்டருடைய வயிறு மிகவும் தொங்கிவிட்டது. அதனால்தான் போகிற இடத்திலெல்லாம் இடிக்கிறது. அதை இரண்டு விரல் உயரம் தூக்கித் தருவதாக இவர் சொல்கிறார்.”

காரோட்டி வந்த சிப்பாய் சிரித்துவிட்டான். அவன் சிரிக்காமல் இருந்திருந்தால் ஓர் அறையோடு போயிருக்கும். இரண்டு கன்னத்திலும் சரிசமமாக வாங்கினேன். மாஸ்டர் சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டுப் புத்தகத்தை எடுத்து என் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார். கார் வியாழக்கிழமை தயாராக இருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை சயாம் ரயிலில் இந்த மொழிபெயர்ப்பாளன் போக வேண்டும் என்று உத்தரவு. காரை விட்டுவிட்டு, சிப்பாயை முன்னால் நடக்கவிட்டு, வேறு லாரியில் ஏறிப் போய்விட்டார்.

“என்னங்க சொன்னீங்க அவருகிட்ட?” என்றார் அண்ணன்.

“நீங்கள் சொன்னதைத்தான் சொன்னன். வண்டி இறங்கிப் போச்சுதெண்டு.”

“அதுக்கு ஏன் அடிக்கிறான்? வண்டின்னா இந்த வண்டிதான லா” என்று கார் மேல் தட்டினார்.

“எங்கட ஊரில வண்டி எண்டால் இது” என்று என் வயிற்றைத் தொட்டுக் காட்டினேன்.

பட்டறையில் இருந்த நான்கு பேரும் தரையில் உருண்டு சிரித்தார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. இன்றைக்கு எனக்கே சிரிப்பு வருகிறது. அன்றைக்குப் பாக்கியத்திடம் இதை எப்படிச் சொல்வது என்று மட்டும் யோசித்துக்கொண்டு நின்றேன். சிரிக்காதவர் உக்காருங்க அண்ணன் ஒருவர்தான். முதல் நாள் பாக்கியத்தைப் பற்றி நான் பேச்சுவாக்கில் சொன்னது அவருக்கு நினைவிருந்தது.

“வீட்ல எத்தன மாசம்?”

“ஏழு.”

“உக்காருங்க” என்றார்.

அடுத்த மூன்று நாட்கள் அந்த மனிதர் என்னைப் படுத்திய பாட்டை எந்தப் பகைவனுக்கும் நான் விரும்ப மாட்டேன். புது ஸ்பிரிங் எங்கே கிடைக்கும்? சண்டையில் நொறுங்கிய வாகனங்கள் திடல் ஓரத்தில் மலையாகக் கிடந்தன. அதில் ஏறி இறங்கிப் பட்டைகளைச் சுமந்து வந்தார். ஒவ்வொன்றையும் கல்லில் வைத்து ஆணியால் தட்டி, காதைக் கொடுத்துக் கேட்டார். பிறகு பெஞ்சிலிருந்த பழைய ஸ்பிரிங்கைக் கழற்றி அதன் இடத்தில் புதியதை வைத்தார். உடனே “கிராணி, உக்காருங்க.”

முதலில் லாரி ஸ்பிரிங். உட்கார்ந்தேன், மலை மேல் உட்கார்ந்த மாதிரி இருந்தது. “உயரம் கெடைக்கும். ஆனா ஒரு கட்டை மேல ஏறி எறங்குனா மாஸ்டருக்குப் பல்லு கொட்டிடும்” என்று தூக்கிப் போட்டார். அடுத்தது பெரிய மனிதர் யாருடையதோ சொகுசுக் காரின் ஸ்பிரிங். உட்கார்ந்ததும் மெத்தையில் புதைவது போலப் போய்த் தரையில் முட்டினேன். “வெண்ணெய். ஒரு வாரத்துல மறுபடியும் அடி தட்டும்.” மூன்றாவது, ஒரு ஆம்புலன்ஸிலிருந்து கழற்றியது. அதைத் தட்டிவிட்டு நெடுநேரம் காதை எடுக்கவில்லை.

“இது அடிபட்டவன ஏத்திக்கிட்டுப் போனது. உள்ள கெடக்குறவனுக்கு நோகக் கூடாதுன்னு செஞ்ச இரும்பு. தாங்கவும் தாங்கும், கொடுக்கவும் கொடுக்கும்” என்றார். அதன் பட்டைகளோடு லாரிப் பட்டை ஒன்றைச் சேர்த்து, நெருப்பில் காய்ச்சி, வளைவைக் கூட்டி, எண்ணெயில் தோய்த்தெடுத்தார். சேர்க்கிற ஒவ்வொரு பட்டைக்கும் என்னை உட்காரவைத்தார். எழச் சொன்னார். குதித்து உட்காரச் சொன்னார். இடது தொடையில் பாரத்தைப் போடச் சொன்னார்.

இரண்டாம் நாள் மத்தியானம் எனக்குப் பொறுமை போய்விட்டது. “என்ன அண்ணை, உங்களுக்கு விசர் பிடிச்சிட்டுதே? நான் வெள்ளிக்கிழமை சாகப் போறன். நீங்கள் என்னை ஆட்டுக்கல்லு மாதிரி வைச்சு அளக்கிறியள். ஒரு மனுசனுக்கு ஆறுதலா ஒரு வார்த்தை கதைக்கத் தெரியாதே உங்களுக்கு?” என்று கத்தினேன்.

அவர் கோபப்படவில்லை. “கத்துனா எடை மாறும். மூச்சு அடங்குனப்புறம் சொல்லுங்க, மறுபடி அளக்கணும்” என்றார். இரும்போடு பழகிப் பழகி மனிதனுக்கு இதயமும் இரும்பாகிவிட்டது என்று முடிவு செய்தேன். அன்றைக்கு வீட்டுக்குப் போனால் பாக்கியம் என் தகரப் பெட்டியைத் திறந்து வைத்து, இருந்த இரண்டு வேட்டியையும் மடித்துக் கொண்டிருந்தாள்.

வியாழக்கிழமை மாஸ்டர் வந்தார். காரைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. சரியாக இரண்டு விரல் உயர்ந்து, சேவல் மாதிரி நின்றது. ஆனால் வலது பக்கம் கொஞ்சம் சாய்ந்திருந்தது. எனக்கே அது கண்ணில் பட்டது. ஒரு நூலுக்காகக் காலாங் வரை ஓடிய மனிதரின் கையில் இப்படி ஒரு பிசகா என்று பயந்துபோனேன். சிப்பாய் வலது பக்கம் ஓட்டுகிற இடத்தில் ஏறினான். மாஸ்டர் இடது பக்கம் அமர்ந்தார். கார் கொஞ்சம் நேரானது, முழுக்க நேராகவில்லை. மாஸ்டர் கீழே இறங்கி, சாய்வைக் காட்டி உறுமினார். சிரித்த முகம் போய்விட்டது.

உக்காருங்க அண்ணன் அசையவில்லை. என்னைப் பார்த்து, பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி ஒவ்வொரு வாக்கியமாகச் சொன்னார்.

“நான் சொல்றத சொல்லுங்க. இந்த வண்டி…”

“வண்டி எண்டால் கார்தானே அண்ணை?” என்று நான் கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

“காருதாங்க. குருமா. இந்தக் குருமா மூணு பேரு போறதுக்குப் பண்ணது. மாஸ்டருக்குப் பின்னால, இடது பக்கம், ரெண்டே கால் விரல் ஆளு ஒருத்தர் உக்காரணும்.”

மொழிபெயர்த்தேன்.

“அந்த ஆளு எடைக்குத்தான் ஸ்பிரிங் கட்டிருக்கு. மூணு நாளா அவரைத்தான் உக்கார வச்சு அளந்தேன். அவரு இல்லாம காட்டுல போனா, கட்டை மேல ஏறுறப்ப வண்டி வலது பக்கம் கவுந்துடும். பட்டறைல எல்லாரையும் கேட்டுப் பாருங்க.”

பாதி வாக்கியம் வரைக்கும் மொழிபெயர்த்துக்கொண்டே போனேன். அதற்குப் பிறகுதான் யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்பது என் மூளையில் ஏறியது. அங்கேயே நிறுத்திவிட்டேன். மாஸ்டர் “பிறகு?” என்று அதட்டினார். என் உயிருக்காக வாதாடுகிற வக்கீலின் வாதத்தை நானே, என்னைத் தண்டித்த நீதிபதியிடம், படர்க்கையில் மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. “அந்த ஆள் இவன்தான்” என்று கடைசியில் என் நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன்.

மாஸ்டர் கண்ணை இடுக்கினார். மொழிபெயர்ப்பாளன் இட்டுக்கட்டுகிறான் என்று அவருக்குச் சந்தேகம். ஏறு என்று கை காட்டினார். மாஸ்டரும் ஏறினார், நான் அவர் பின்னால் உட்கார்ந்தேன். சிப்பாய் கீழே இறங்கிப் பார்த்துவிட்டு மறுபடி ஏறினான். எல்லாரும் உட்கார்ந்ததும் கார் மட்டப்பலகை வைத்தது போல நின்றது. மாஸ்டர் என்னை இறங்கச் சொன்னார். சாய்ந்தது. ஏறச் சொன்னார். நிமிர்ந்தது. ஏழு தடவை ஏறி இறங்கினேன். பிறகு மாஸ்டருக்கு ஒரு யோசனை வந்தது. இந்த எடைக்கு ஒரு மணல் மூட்டையை வைத்தால் போதாதா என்றார்.

எனக்கு உயிர் போய்விட்டது. அதை நானே தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. உக்காருங்க அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார்.

“மூட்டை செத்த எடைங்க. கட்டை மேல ஏறுறப்ப மனுசன் பயந்து பின்பக்கத்தத் தூக்குவான், எறங்குறப்ப உக்காருவான். அந்தத் தூக்கலும் உக்காரலும்தான் ஸ்பிரிங்குக்குத் துணை. மூட்டைக்கு பயம் வருமா? உசுருள்ள எடைதான் வேணும்.”

உயிருள்ள எடை என்பதற்கு வகுப்பில் சொல் சொல்லித்தரவில்லை. பயந்து எழுவதையும் விழுந்து உட்காருவதையும் நானே பின் சீட்டில் நடித்துக் காட்டினேன். அந்தப் பயத்தில் நடிப்பு அதிகம் இல்லை. சிப்பாய் இந்தத் தடவையும் சிரித்தான். நல்லவேளை, மாஸ்டரும் சிரித்தார். திடலைச் சுற்றி ஓட்டினோம், கட்டைகள் மேல் ஏறினோம், எதுவும் அடியில் தட்டவில்லை. திரும்பி வந்ததும் மாஸ்டர் நோட்டுப் புத்தகத்தை எடுத்து என் பெயரின் மேல் ஒரு கோடு போட்டார். அந்தக் கோட்டை இன்றைக்கும் என்னால் வரைந்து காட்ட முடியும்.

அன்று தொடங்கி, போர் முடிகிற வரையில் நான் ஜப்பானிய ராணுவத்தின் எடைக்கல்லாக இருந்தேன். மாஸ்டர் எங்கே போனாலும் பின்னால் இடது பக்கம் நான். சியோனான் முழுவதும் ஆட்கள் இளைத்துக்கொண்டிருந்தபோது, இளைக்கக் கூடாது என்று கட்டளை வாங்கிய ஒரே தமிழன் நானாகத்தான் இருப்பேன். கார் சாயக் கூடாதே என்று மாஸ்டர் தினமும் அரிசிச் சோறும் கருவாடும் பொட்டலமாகத் தருவார். அதைப் பிரிக்காமல் வீட்டுக்குக் கொண்டுபோவேன்.

“இஞ்சாருங்கோ, நீங்கள் சாப்பிட்டனீங்களோ?” என்று பாக்கியம் கேட்பாள். வயிறு முட்டச் சாப்பிட்டேன் என்று மரவள்ளி ஏப்பம் விடுவேன்.

ஒரே மாதத்தில் கார் என்னைக் காட்டிக்கொடுத்தது. “நீ சாப்பிடுவதில்லை” என்று மாஸ்டர் சாய்வைப் பார்த்துச் சொன்னார். ஓடிப்போய் உக்காருங்க அண்ணனிடம் நின்றேன். பெஞ்சில் உட்காரவைத்து அளந்தார். இரண்டு விரல்தான் இருந்தது. ஒன்றும் கேட்காமல், பெரிய இரும்பு நட்டுகளைக் கயிற்றில் கோத்து, என் சட்டைக்குள் இடுப்பில் கட்டிவிட்டார்.

“கால் விரல் இரும்பு. சோத்த அவங்க சாப்பிடட்டும்” என்றார்.

அந்தச் சோற்றில்தான் என் மகள் பிறந்தாள், பால் குடித்தாள். நான் மெலிய மெலிய நட்டு கூடிக்கொண்டே போனது. கட்டை மேல் கார் ஏறும்போதெல்லாம் இடுப்பில் சலங்கை கட்டியது மாதிரி சத்தம். என்ன சத்தம் அது என்று மாஸ்டர் ஒரு நாள் கேட்டார். ஸ்பிரிங் சத்தம் என்று சொல்லித் தப்பித்தேன். பட்டறைக்கு வந்து பெருமையாக இதைச் சொன்னதும் அண்ணனின் முகம் சிவந்துவிட்டது.

“என் ஸ்பிரிங் சத்தம் போடுதுன்னா சொன்னீங்க? எப்படிங்க சொல்லலாம் நீங்க?” என்றார். உயிர் தப்ப வேறு வழியில்லை என்று கெஞ்சிப் பார்த்தேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் நட்டுகளுக்கு இடையில் துணி சுற்றித் தந்தபோதும் முகத்தை வேறு பக்கம்தான் வைத்திருந்தார்.

ஜப்பான் சரணடைந்த செய்தி வந்த வாரம், மாஸ்டர் காரைப் பட்டறையில் விட்டுவிட்டுப் போனார். போகும்போது கடைசிப் பொட்டலம் ஒன்றை என் கையில் வைத்தார். கிடங்குகளில் அரிசி இருக்கிறது என்று ஊரே ஓடியது. பாக்கியம் மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு என்னோடு வந்தாள். பட்டறை வழியாகப் போனபோது, காருக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன.

“அண்ணை, எல்லாரும் அரிசிக்கு ஓடுறாங்கள். நீங்கள் இதுக்குள்ள கிடந்து என்ன செய்யிறியள்?”

“கொஞ்சம் பொறுங்க. யாராச்சும் பாக்குறதுக்குள்ள கழட்டிடணும்” என்று குரல் வந்தது. கையில் ஓர் இரும்புப் பட்டையோடு வெளியே வந்தார். முகமெல்லாம் கரி.

“என்ன அது?”

அவர் என்னைப் பார்க்காமல் பட்டையைத் துடைத்தார். “இடது பக்கத்துல ஒரு பட்டை கூட வச்சிருந்தேன். அந்த வண்டிக்கு வேண்டாத பட்டை. இத்தன நாளா எனக்குச் சோறு எறங்கல கிராணி.”

“அப்ப என்ர எடை?”

“உங்க எடைக்கு இந்த வண்டில ஒரு வேலையும் இல்ல. முன்னாடி ரெண்டு பேரு இருந்தாலே நேரா நிக்கும். நீங்க உக்காந்தாதான் நிமிரணும்னு நாந்தான் கோணலாக் கட்டுனேன்.”

நான் இல்லாவிட்டால் கார் கவிழும் என்று அத்தனை காலமும் நம்பியிருந்தேன். கொஞ்சம் கர்வம்கூட இருந்தது. அந்த மூன்று நாட்களும் இரும்பு இதயம் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே அந்த பெஞ்சில் ஏறி இறங்கியது நினைவுக்கு வந்து, எனக்கு வெட்கமாகவும் அழுகையாகவும் இருந்தது. ஒரு நூல் பிசகுக்குக் காலாங் வரை ஓடிய மனிதர், தன் கையாலேயே ஒரு கோணலைச் செய்து, அதைத் தினமும் கண்ணால் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார். நன்றி சொல்ல வாயெடுத்தேன். அவருக்கு அது பிடிக்கவில்லை.

“வெளிய சொல்லிடாதீங்க. தொழிலுக்கு அசிங்கம்” என்றார். பிறகு பாக்கியத்தைப் பார்த்து, “உக்காருங்கம்மா” என்றார்.

பாக்கியம் உட்கார்ந்தாள். அளந்தார். “ஒண்ணரை. பரவால்ல, ஏறிடும்” என்றார். எங்கள் மகள் இதையெல்லாம் கவனித்துக்கொண்டிருந்தாள். சண்டைக் காலத்தில் பிறந்த பிள்ளை, இரண்டு வயதாகியும் கைகால் குச்சி குச்சியாக இருக்கும். அம்மா எழுந்ததும் தானே தொற்றி ஏறி, பலகையில் கால்களைத் தொங்கப்போட்டு உட்கார்ந்துகொண்டு, “எனக்கு?” என்றாள்.

உக்காருங்க அண்ணன் தரையில் குந்தினார். தூணில் இருந்த கோட்டைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தார். லாரியைத் தாங்கச் செய்த ஸ்பிரிங் அது. “ஒரு நூல் எறங்குது பாப்பா. நல்ல எடை” என்றார். குழந்தை கை தட்டியது.

நானும் குனிந்து பார்த்தேன். பலகை கோட்டிலேயேதான் நின்றது. பரவாயில்லை, அண்ணை சொன்னால் இறங்கித்தான் இருக்கும்.